ஓசை எங்கே போயிற்று?

ஓசை என்பது காற்றின் அதிர்வு என்று கீழ் வகுப்பிலேயே படித்துவிட்டோம். மணியை அடித்தால் மணி அதிரும்; அதைச் சுற்றியுள்ள காற்று அதிரும்; அந்த அதிர்வு நம் செவிப்பறையைத் தட்டும்; நாமும் "மணி அடித்துவிட்டது" என்று மகிழ்ச்சியுடன் புத்தகத்தை மூடுவோம். ஆனால் கணிப்பொறியிலிருந்து வரும் ஓசை அப்படி நேரே வருவதில்லை. அது எண்களாகப் பிறந்து, பல கை மாறி, கடைசியில்தான் காற்றாகிறது. இடையில் எந்தக் கை நழுவவிட்டாலும் நமக்குக் கிடைப்பது மௌனமே. எந்தக் கை நழுவவிட்டது என்று மட்டும் அந்த மௌனம் சொல்லாது. எல்லா மௌனமும் கேட்பதற்கு ஒன்றுபோலவே இருக்கிறது!

எங்கள் பள்ளியின் கணிப்பொறிக் கூடத்தில் உள்ளவை உபுண்டு என்னும் லினக்ஸ் வகையில் இயங்குபவை. பழைய யூனிக்ஸ் முறையைப் பின்பற்றி, 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ்தான் அதன் உள்ளீடு. விலை கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கலாம். திறந்து பார்க்கும் நிலை எங்களுக்கும் வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறோம்.

கூடத்தின் கதவோரத்து மூலையில் ஒரு கணிப்பொறி உண்டு. அது எங்கள் தோழி ஒருத்திக்கென்று ஒதுக்கப்பட்டது. அவள் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வரலாறும் பொருளியலும் படிக்கும் பதினோராம் வகுப்பு மாணவி. நாங்கள் நால்வரும் அவளுடைய பாடங்களைத் தமிழில் தட்டச்சு செய்து அந்தக் கணிப்பொறியில் சேர்த்து வைப்போம். அது அவளுக்குப் படித்துக் காட்டும். படித்துக் காட்டுவது ஓர்கா என்னும் திரைவாசிப்பான். ஓர்கா என்பது ஒரு திமிங்கிலத்தின் பெயர். பார்வையற்றோருக்கான இத்தகைய மென்பொருள்களுக்குக் கடல்வாழ் உயிர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருக்கிறதாம். விண்டோஸில் ஓடும் ஜாஸ் என்பதும் சுறாவை நினைவூட்டுவதே. எங்கள் தோழிக்கு மட்டும் அது திமிங்கிலமும் அன்று, சுறாவும் அன்று. "தாத்தா" என்றுதான் அழைப்பாள். குரல் அப்படிக் கரகரப்பானது. அந்தத் தாத்தாவை அவள் விரட்டுகிற வேகம் இருக்கிறதே! நாங்கள் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அவள் ஒரு பத்தியை முடித்துவிடுவாள்.

2025 நவம்பர் கடைசி. அரையாண்டுத் தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை அவள் வந்து உட்கார்ந்து, விசைகளைத் தட்டி, சற்றுப் பொறுத்து, மறுபடியும் தட்டினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தாத்தா வாயத் தொறக்க மாட்டேங்கிறாருடி" என்றாள்.

ஓசை இல்லாவிட்டால் நமக்குப் பாட்டுப் போகும், படம் ஊமைப்படமாகும், அவ்வளவே. அவளுக்கோ கணிப்பொறியே போய்விட்டது என்று பொருள். நம் திரை கறுத்துப் போவதற்கு ஒப்பானது அது. இன்னொன்றையும் கவனியுங்கள். நம் திரை கறுத்தால் அதைச் சரி செய்ய இன்னொருவர் கண்ணைக் கடன் வாங்க வேண்டியதில்லை. அவளுக்கு ஓசை போனால், அதைத் திருத்தும் கருவிகள் எல்லாம் திரையில் கட்டமாகவும் பட்டையாகவும் நிற்கின்றன. ஓசை தேவைப்படாதவர்கள்தாம் ஓசையைத் திருத்த முடியும் என்று யாரோ ஏற்பாடு செய்து வைத்ததுபோல் இருக்கிறது!

நிற்க. ஓசை போகும் பாதையைச் சொல்கிறோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் இருட்டில் ஊசி தேடிய கதைதான்.

முதலில் ஓர்கா, திரையில் உள்ள எழுத்தை எடுக்கிறது. அதை ஸ்பீச் டிஸ்பேச்சர் என்னும் இடைத்தூதரிடம் கொடுக்கிறது. தூதர் அதை ஈஸ்பீக் என்னும் பேச்சுப் பொறியிடம் சேர்க்கிறார். (ஈஸ்பீக் பல மொழிகள் பேசும், தமிழும் பேசும். இப்போது நாங்கள் பயன்படுத்துவது 2015இல் பிரிந்து வளர்ந்த ஈஸ்பீக் என்.ஜி. என்னும் கிளை.) எழுத்து இங்கேதான் ஒலி எண்களாக மாறுகிறது. அந்த எண்கள் பைப்வயர் என்னும் கலவைக்காரரிடம் போகின்றன. கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பாட்டும் பேச்சும் எச்சரிக்கை மணியும் ஒலிக்கலாம் அல்லவா? எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்புவது அவர் வேலை. எந்தக் கதவு வழியே அனுப்புவது என்று முடிவு செய்வது அவருக்குத் துணையான வயர்பிளம்பர். அதற்குக் கீழே ஆல்சா. இது லினக்ஸின் உள்ளீட்டிலேயே இருந்து ஒலிச் சில்லுடன் நேரே பேசுவது. சில்லு எண்களை மின்னலையாக்கும். மின்னலை, பெட்டியின் பின்புறத்தில் உள்ள பச்சைத் துளை வழியாக வயரில் இறங்கி, ஸ்பீக்கருக்குப் போய், காகிதக் கூம்பை ஆட்டும். அப்போதுதான் கீழ் வகுப்பில் படித்த காற்று அதிர்வு பிறக்கிறது!

வழக்கமாகப் பைப்வயர் நொடிக்கு 48,000 எண்கள் வீதம் அனுப்புகிறது. இடக்காதுக்கு அத்தனை, வலக்காதுக்கு அத்தனை. பழைய இசைத்தட்டுக் குறுந்தகட்டில் இது 44,100. ஒவ்வோர் எண்ணும் 16 பிட் அளவில் இருந்தால் 65,536 படிகளில் ஏதேனும் ஒன்றில் நிற்கும். 'தாத்தா' ஒரு 'ம்' போடுவதற்கு இத்தனை ஏற்பாடு.

எங்கள் கணிப்பொறி ஆசிரியை எப்போதும் ஒன்று சொல்வார்: "ஒரே சமயத்தில் நாலு இடத்தில் கை வைக்காதீர்கள், ஒரு முனையிலிருந்து தொடங்குங்கள்." எந்த முனை என்பதில் எங்களுக்குள் வழக்கு வந்தது. இருவர் மென்பொருளிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். எங்கள் கட்சி ஸ்பீக்கரிலிருந்து என்பது. ஏனென்றால், ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருக்கிறது என்பது உறுதியாகாத வரையில், மேலே எதைச் சரி செய்தாலும் அது சரியானதா என்று தெரிய வழியில்லை. கேட்கும் காது முதலில் நம்பத்தக்கதாய் இருக்க வேண்டும்.

ஸ்பீக்கரில் விளக்கு எரிந்தது. குமிழைத் திருகினோம், ஒன்றுமில்லை. வேறு எதிலாவது சொருகிப் பார்க்கலாம் என்றால், பள்ளிக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அலுவலக அலமாரியில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருப்பது நினைவுக்கு வந்தது. அதன் ஹெட்போன் துளையில் ஸ்பீக்கர் வயரைச் சொருகினோம். கூடம் முழுவதும் ஒரு பழைய சினிமாப் பாட்டு அலறியது! அடுத்த வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். "ஆராய்ச்சி, டீச்சர்" என்றோம். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறோம். ஆயினும் ஸ்பீக்கரும் வயரும் குற்றமற்றவை என்று தீர்ப்பாயிற்று.

அடுத்தது ஒலிச் சில்லு. கணிப்பொறிக்குத் தன் ஒலிச் சில்லு தெரிகிறதா என்று கேட்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. டெர்மினலைத் திறந்து, 'ஏபிளே' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் 'எல்' எழுத்தும் அடிக்க வேண்டும். ஆல்சாவுக்குத் தெரிந்த அட்டைகளின் பட்டியல் வரும். பட்டியல் காலியாக இருந்தால் நோய் ஆழத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். சில்லுக்கு உரிய டிரைவரோ, புதிய மடிக்கணிப்பொறிகளில் சிலவற்றுக்கு வேண்டிய ஃபர்ம்வேரோ இல்லாமலிருக்கும். அப்போது அமைப்புகள் பக்கத்தில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் காட்டும். எங்கேயும் போய்ச் சேராத கற்பனைக் கதவு அது. எங்கள் பட்டியல் காலியாக இல்லை. இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று பச்சைத் துளைக்குப் போவது, மற்றொன்று திரைக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வயர்.

இங்கே முதல் குற்றவாளி அகப்பட்டான். முந்தைய வெள்ளிக்கிழமை கூடத்தில் ஒரு சொற்பொழிவு நடந்தது. கதவோரத்தில் இருந்ததால் தோழியின் கணிப்பொறியைத்தான் புரொஜெக்டருடன் இணைத்திருந்தார்கள். திரையின் எச்.டி.எம்.ஐ. வயரைக் கழற்றிப் புரொஜெக்டரில் மாட்டி, ஓசையையும் அதன் வழியே போகும்படி தேர்ந்தெடுத்து, நிகழ்ச்சி முடிந்ததும் வயரைத் திரையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் திரையில் ஸ்பீக்கர் கிடையாது. ஆனால் ஓரத்தில் ஒரு ஹெட்போன் துளை இருக்கிறது. ஆகவே, "ஓசையை நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று அது கணிப்பொறியிடம் உறுதி கூறிவிடும். கணிப்பொறியும் நம்பி, நாள் முழுவதும் அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கும். தாத்தா பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், சுவரைப் பார்த்து!

அமைப்புகளில் ஒலிப் பக்கத்துக்குப் போய் 'லைன் அவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தோம். பாவுகண்ட்ரோல் என்று ஒரு கருவி உண்டு. ஓசை ஓடும்போது அதில் ஒரு பட்டை நீண்டும் குறுகியும் ஆடும். அதைத் திறந்து வைத்தோம். பட்டை ஆடியது! கை தட்டினோம்.

"என்னடி கேட்டுச்சு?" என்றாள் தோழி.

ஒன்றும் கேட்கவில்லை. ஓசையைக் கண்ணால் கண்டோம்; காதால் கேட்கவில்லை. "உங்களுக்குப் பட்டை ஆடுது. எனக்கு என்ன ஆடுது?" என்று கேட்டாள். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் எங்களில் ஒருத்தியின் வீட்டார் இணையத்திலிருந்து அச்சிட்ட தாள்கள் ஒரு கட்டு கொடுத்தனுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மருந்து சொன்னது. ஒன்று, பல்ஸ்ஆடியோவை அடியோடு நீக்கிவிடு என்றது. ஒன்று, ஏதோ ஒரு கோப்பின் கடைசியில் மூன்று வரி சேர் என்றது. ஆசிரியை தாளின் மூலையைத்தான் முதலில் பார்த்தார். "2009" என்று இருந்தது. அதை மடித்து எங்களிடமே கொடுத்துவிட்டார். "மருந்துச் சீட்டு என்றால் தேதியைப் பார்க்க வேண்டாமா?" என்றார்.

அந்தத் தேதிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. லினக்ஸின் ஆரம்ப நாட்களில் ஓ.எஸ்.எஸ். என்னும் முறை இருந்தது. அப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரு நிரல் ஒலிச் சில்லைப் பிடித்துக்கொண்டால், அது விடும் வரையில் மற்றவை வாய் பொத்தி நிற்க வேண்டியதுதான். பிறகு யாரோஸ்லாவ் கிசெலா என்னும் செக் நாட்டவர் தொடங்கிய ஆல்சா வந்தது. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6இல் அது ஓ.எஸ்.எஸ். இடத்தைப் பிடித்தது. அதன் மேல் கலவைக்காரராக 2004இல் லென்னார்ட் போயட்டரிங் தொடங்கியது பல்ஸ்ஆடியோ. 2007இல் ஃபெடோரா 8, 2008இல் உபுண்டு 8.04 ஆகியவை அதை ஏற்றுக்கொண்டபோது, பலருடைய கணிப்பொறிகளில் ஓசை தடுமாறியது, கீறியது, நின்றும் போனது. "நீக்கிவிடு" என்ற அறிவுரையெல்லாம் அந்தக் காலத்துக் கோபம். கோபத்துக்குக் காரணம் இருந்தது என்றே எண்ணுகிறோம். ஆனால் அது அன்றைய கணிப்பொறிக்கு. விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் 2021இல் ஃபெடோரா 34இலும், 2022 அக்டோபரில் உபுண்டு 22.10இலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பழைய நிரல்கள் திகைத்துப் போகாமலிருக்க அது பல்ஸ்ஆடியோவின் உடையையே போட்டுக்கொண்டு நிற்கிறது. 'பாக்டில் இன்ஃபோ' என்று கேட்டால், "பல்ஸ்ஆடியோ, பைப்வயர் மீது" என்ற பொருளில் தன் இரண்டு பெயரையும் சொல்லும். இதை அறியாமல் 2009ஆம் ஆண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதையாவது பிடுங்கினால், இருக்கிற உயிரும் போகும்.

ஆகவே ஆசிரியை சொன்னபடி பைப்வயரையும் வயர்பிளம்பரையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்கிப் பார்த்தோம். கணிப்பொறியை முழுவதும் அணைக்காமல் அவற்றை மட்டும் மீண்டும் தொடங்கலாம். பல நேரங்களில் இதுவே போதுமானது. எங்களுக்குப் போதவில்லை. ஆல்சாமிக்ஸர் என்னும் கருவியைத் திறந்தோம். அதில் ஒலியளவுக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். கம்பத்தின் அடியில் இரண்டு எம் எழுத்து இருந்தால் வாய் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். எம் விசையைத் தட்டினால் கட்டு அவிழ்ந்து 00 என்று மாறும். எங்கள் கம்பங்கள் எல்லாம் 00. எல்லாக் கம்பமும் உச்சியில். மௌனம் மட்டும் அப்படியே.

ஆனால் ஒன்று உறுத்தியது. எங்கே பார்த்தாலும் கணிப்பொறி 'ஹெட்போன்' என்ற பேச்சையே எடுத்தது. ஹெட்போன் இருக்கிறது, ஹெட்போன் இருக்கிறது என்று அது சாதித்தது. குனிந்து பார்த்தோம். மேசையின் அடியில், நிழலில், சி.பி.யு. பெட்டியின் முன்பக்கத்தில் எந்த வயரும் தொங்கவில்லை.

இத்தனை நேரமும் தோழி தன் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நாங்கள் நால்வரும் திரையைச் சுற்றி நின்றுகொண்டு, "இதோ பார், அதோ பார்" என்று கூவிக்கொண்டிருந்தோம். அவள் மெல்லக் கீழே இறங்கித் தரையில் அமர்ந்தாள். பெட்டியின் முகத்தை ஒரு முறை விரலால் தடவினாள். மின்விசை, யு.எஸ்.பி. இரண்டு, கீழே இரண்டு துளைகள். அங்கே விரல் நின்றது.

"இது ஓட்டை. இது ஓட்டை இல்ல" என்றாள்.

டார்ச் அடித்துப் பார்த்தோம். ஹெட்போன் துளைக்குள் ஒரு ஜாக் பின் ஒடிந்து, வாய் மட்டத்துக்கு நின்றிருந்தது! கறுப்புப் பெட்டி, நிழல், கறுத்துப் போன உலோகம். வயரைத் தேடிய கண்ணுக்கு அது வெறும் துளையாகவே தெரிந்திருக்கிறது. யார் எப்போது சொருகி ஒடித்தார்களோ தெரியாது, விசாரிக்கவும் இல்லை.

அந்தத் துளையின் உள்ளே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும் என்று ஆசிரியை விளக்கினார். பின் உள்ளே வந்தால் சுவிட்ச் அசைந்து, "ஹெட்போன் வந்துவிட்டது" என்று சில்லுக்குச் சொல்லும். உடனே பின்பக்கத்து ஸ்பீக்கரின் வாயைக் கட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு. ஹெட்போனில் கேட்பவர் ஊருக்கும் சேர்த்துக் கேட்க விரும்பமாட்டார் என்ற நல்லெண்ணம்தான். ஆல்சாமிக்ஸரில் இதற்கு 'ஆட்டோ மியூட் மோட்' என்று பெயர். நாங்கள் பைப்வயரிடம் 'லைன் அவுட்' என்று சொன்னோம், அவரும் கீழ்ப்படிந்தார், பட்டை ஆடியது. ஆனால் அவருக்குக் கீழே இந்த ஏற்பாடு தன் போக்கில் கதவைச் சாத்தி வைத்திருந்தது. மேலே இருப்பவருக்கு அது தெரியாது. இப்படி ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு சேர்ந்துகொண்டால், ஒன்றைத் திருத்தியவர்கள், "இதனால் பயனில்லை" என்று அதைப் பழையபடி மாற்றிவிட்டு வேறெங்கோ தேடப் போய்விடுவார்கள். எங்கள் ஆசிரியை எச்.டி.எம்.ஐ.யில் செய்த மாற்றத்தைக் கலைக்க விடவில்லை. அது எத்தனை நல்லதாகப் போயிற்று!

ஆட்டோ மியூட்டை அணைத்தோம். தோழி தன் இடத்தில் அமர்ந்து, விண்டோஸ் விசை, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். "ஸ்கிரீன் ரீடர் ஆன்" என்றார் தாத்தா.

அவள் சிரிக்கவில்லை. உடனே பொருளியல் நான்காம் பாடத்தைத் திறந்துவிட்டாள். இரண்டு நாள் போயிருந்தது அல்லவா? ஒடிந்த பின்னைப் பழுது பார்ப்பவர் வந்து, மின்னிணைப்பை எடுத்து, மூடியைக் கழற்றி வெளியே இழுத்தது வியாழக்கிழமைதான். அது இப்போது ஆசிரியையின் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் நாங்கள் முக்கியமானதாகக் கருதும் காரியம் நடந்தது. மறுபடியும் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று, நாங்கள் நால்வரும் கூடிப் பதினான்கு படிகள் கொண்ட ஒரு குறிப்பு எழுதினோம். அழகாகவே எழுதினோம். அவளுக்குப் படித்தும் காட்டினோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல எத்தனை 'பார்' இருக்கு, எண்ணுங்கடி" என்றாள். எண்ணினோம். பதினொன்று. பட்டை ஆடுகிறதா பார், கம்பத்தின் அடியில் பார், பட்டியலில் பார். நாங்கள் யாரும் கூடத்தில் இல்லாத நேரத்தில் அந்தக் குறிப்பு அவளுக்கு எதற்கு உதவும்?

குறிப்பை அவளே மாற்றி எழுதினாள். பிரெயில் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியது. முதலில் கையால் செய்ய வேண்டியவை: ஸ்பீக்கரின் குமிழ், வயர், பச்சைத் துளை, முன்பக்கத்துத் துளைகள் இரண்டும் உண்மையிலேயே துளைகளா என்பது. அடுத்தது யு.எஸ்.பி. ஹெட்போன். இது அவள் அறிந்துகொண்ட நல்ல உபாயம். சாதாரண ஹெட்போன், கணிப்பொறியின் ஒலிச் சில்லை நம்பி வாழ்வது. யு.எஸ்.பி. ஹெட்போனோ தன் ஒலிச் சில்லைத் தானே சுமந்து வருவது. அதைச் சொருகியவுடன் பைப்வயருக்குப் புதிதாக ஒரு கதவு திறக்கிறது; எங்கள் கணிப்பொறியில் அந்தப் புதுக் கதவையே அது எடுத்துக்கொள்கிறது. அதில் தாத்தா பேசினால், பேச்சுப் பொறியும் கலவைக்காரரும் நலம். கோளாறு சில்லு, துளை, ஸ்பீக்கர் பக்கம், அல்லது எந்தக் கதவைத் தேர்ந்தெடுத்தோம் என்பதில். அதிலும் பேசாவிட்டால், மேலே தேட வேண்டும். ஒரே சொருகலில் பாதை பாதியாக வெட்டுப்படுகிறது. பேசிவிட்டால் மற்றதையெல்லாம் அவளே கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். எங்கள் பதினான்கு படிகளில் இது ஒன்பதாவதாக இருந்தது. அவள் இரண்டாவதாக வைத்தாள்.

அதற்குப் பின் விசைகள். கன்ட்ரோல், ஆல்ட், டி சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். திறந்ததா என்று தெரியாமலே சற்றுப் பொறுத்து, நினைவிலிருந்து கட்டளையை அடிக்க வேண்டும். பைப்வயரை மீண்டும் தொடங்கும் கட்டளை ஒன்று. 'ஸ்பீக்கர் டெஸ்ட்' என்னும் கட்டளை ஒன்று. அதில் ஒரு குரல் முன்பக்கம் இடது, முன்பக்கம் வலது என்று ஆங்கிலத்தில் மாறி மாறிச் சொல்லும். அந்தக் குரல் கேட்டுத் தாத்தா மட்டும் பேசவில்லை என்றால், குற்றம் ஓர்காவிடமோ இடைத்தூதரிடமோதான். அப்போது விண்டோஸ், ஆல்ட், எஸ் விசைகளை இரண்டு முறை. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் எங்களைக் கூப்பிடுவது என்று எழுதியிருக்கிறாள். அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது!

கட்டளைகளை அவள் மனப்பாடம் செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் எங்களில் ஒருத்தி திரைக்கு முன் உட்காருவாள், ஸ்பீக்கரை அணைத்துவிடுவோம். அவள் அடித்துக்கொண்டே போவாள். எழுத்துப் பிழை வந்தால், உட்கார்ந்திருப்பவள் மேசையை ஒரு தட்டுத் தட்டுவாள். முதல் நாள் தட்டிக்கொண்டே இருந்தோம். நாலாம் நாள் தட்ட வேலை இல்லை. நாங்களும் திரையை அணைத்துவிட்டு அதையே முயன்றோம். ஒரு கட்டளையைக் கூட முழுதாக அடித்து முடிக்க எங்களில் மூவரால் முடியவில்லை. வாசிக்கும் தோழியரும் தங்கள் வகுப்பில் முயன்று பார்க்கலாம். திரையை அணைக்க ஒரு பொத்தானே போதும்.

அரையாண்டுத் தேர்வை அவள் எழுதினாள். சொல்வதை எழுதுபவர் உடனிருந்தார். மதிப்பெண்ணை இங்கே அச்சிடக் கூடாது என்பது அவளுடைய கட்டளை. 2026 ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து நாங்கள் கூடத்துக்குப் போனபோது, மூலையில் யு.எஸ்.பி. ஹெட்போன் சொருகியிருந்தது, தாத்தா மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். "என்ன ஆச்சு?" என்று கேட்டோம். "காலையில ஸ்பீக்கர் பேசல. மேல எல்லாம் சரியா இருக்கு. பின்னாடி வயர் கழண்டிருக்கும்னு நினைக்கிறேன், கை எட்டல. ஒருத்தி போய்ச் சொருகுங்கடி" என்றாள், பாடத்தை நிறுத்தாமலே.

பின்னால் போய்ப் பார்த்தோம். பச்சை வயர் பாதி வெளியே வந்திருந்தது.